சென்னை – சிங்கப்பூர்: தூரமும் பறக்கும் நேரமும் நீங்களே கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

தஞ்சாவூர் மாமாவுக்கு முதல்முறை சிங்கப்பூர் டிக்கெட் எடுத்துக் கொடுத்தபோது, தாளை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் மாப்ள, போறப்ப ராத்திரி பதினொன்னே காலுக்கு ஏறி காலைல ஆறு அஞ்சுக்கு எறங்குறோம். வர்றப்ப எட்டு மணிக்கு ஏறி ஒம்பது அம்பதுக்கே வந்துடுறோம். வரும்போது மட்டும் அவ்வளவு வேகமா ஓட்டுவாங்களா?"

சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. டிக்கெட்டில் இருக்கும் எண்களை அப்படியே கழித்தால் போக 6 மணி 50 நிமிடம், வர 1 மணி 50 நிமிடம்தான் வருகிறது. இணையத்தில் தேடினால் 2,900 சொச்சம் கி.மீ. என்று ஒரு எண்ணும், நாலு மணி நேரம் என்று இன்னொரு எண்ணும் கிடைக்கும். அந்த இரண்டுக்கும் கையிலிருக்கும் டிக்கெட்டுக்கும் என்ன உறவு என்று யாரும் சொல்வதில்லை. அன்று மாமாவுக்காகத் தாளில் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றமும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

படி 1: எந்தத் தூரம் வேண்டும்?

விமானப் பயணத்தில் தூரம் என்று இரண்டைச் சொல்லலாம். ஒன்று, பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் இடையே நூல் பிடித்தாற்போல் வரும் மிகக் குறுகிய தூரம். பெருவட்டத் தூரம் என்பார்கள். இணையதளங்கள் தருவது இதைத்தான். மற்றொன்று விமானம் உண்மையில் பறக்கும் தூரம். வான்வழிகளில் குறித்து வைத்த புள்ளிகளைத் தொட்டுப் போவதாலும், ஏறும்போதும் இறங்கும்போதும் வளைந்து திரும்புவதாலும் இது எப்போதும் முன்னதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

அந்த வளைவு எவ்வளவு என்பது காற்றைப் பொறுத்தது. விமானம் எதிர்க்காற்றில்தான் எழும்பும். சென்னையின் பிரதான ஓடுதளம் 07/25. அதாவது ஒரு முனை கிட்டத்தட்டக் கிழக்கே கடலைப் பார்த்திருக்கிறது, மறுமுனை மேற்கே. ஆடி மாதத்து மேல்காற்று வீசும்போது சிங்கப்பூர் விமானம்கூட முதலில் மேற்குப் பக்கமாக எழும்பி, பிறகு ஒரு சுற்றுத் திரும்பித்தான் கடலுக்கு மேல் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

கணக்குக்கு முதல் தூரமே போதும். வளைவுகளுக்கு உரியதைப் பின்னால் நேரமாகச் சேர்த்துக்கொள்வோம்.

படி 2: தாளில் தூரம் போடுவது

வேண்டியவை இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை. கூகுள் மேப்ஸில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் எண்கள் வந்துவிடும்.

சென்னை மீனம்பாக்கம்: வடக்கு 13.0, கிழக்கு 80.2
சிங்கப்பூர் சாங்கி: வடக்கு 1.4, கிழக்கு 104.0

அட்சரேகை ஒரு டிகிரி நகர்ந்தால் தரையில் ஏறத்தாழ 111 கி.மீ. இந்த ஓர் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வடக்கு–தெற்கு வித்தியாசம்: 13.0 − 1.4 = 11.6 டிகிரி. 11.6 × 111 = 1,288 கி.மீ.

கிழக்கு–மேற்கு வித்தியாசம்: 104.0 − 80.2 = 23.8 டிகிரி. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக ஒன்றோடொன்று நெருங்கும். அதனால் 111 என்ற எண், நிற்கும் அட்சரேகையின் கொசைன் அளவுக்குச் சுருங்கும். இரண்டு ஊருக்கும் நடுவான அட்சரேகை (13.0 + 1.4) ÷ 2 = 7.2. அதன் கொசைன் 0.992. ஆக 23.8 × 111 × 0.992 = 2,621 கி.மீ.

இனி செங்கோண முக்கோணம். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 2,920 கி.மீ.

முழுமையாக்காத துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகைகளை உருண்டைக்கு உரிய முழு முக்கோணவியல் சூத்திரத்தில் போட்டால் 2,925 கிடைக்கிறது. வித்தியாசம் ஐந்தே கி.மீ. இவ்வளவு நெருங்கி வரக் காரணம், இரண்டு ஊரும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பது. அங்கே பூமியைத் தட்டையாக நினைத்துக்கொண்டாலும் பெரிய பாவமில்லை.

இதே கணக்கைச் சென்னை–லண்டனுக்குப் போட்டுப் பாருங்கள், காலை வாரிவிடும். 8,700 கி.மீ. என்று வரும். உண்மையில் 8,230 சுமார்தான். வடக்கே போகப் போக தீர்க்கரேகைகள் வேகமாக நெருங்குவதால் நடுவான அட்சரேகை என்ற சமாளிப்பு அங்கே எடுபடாது. நெடுந்தூரப் பயணங்களுக்குக் கூகுள் மேப்ஸின் தூரம் அளக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அது உருண்டைக் கணக்கிலேயே போடும். திரையில் கோடு வில்லாக வளைந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம். தட்டையான வரைபடத்தில் நேர்க்கோடு அப்படித்தான் தெரியும்.

விமானி அறையில் கி.மீ. பேச்சே கிடையாது, எல்லாம் கடல் மைல். அட்சரேகையின் ஒரு டிகிரியை 60 கலைகளாகப் பிரித்தால் ஒரு கலையின் நீளம் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. நம்முடைய 2,920 கி.மீ. சுமார் 1,577 கடல் மைல்.

இந்தக் கோடு எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். வங்கக் கடலைக் குறுக்கே வெட்டி, கிரேட் நிகோபார் தீவின் இந்திரா முனையை ஒட்டி, சுமத்ராவின் வடமுனைக்கு மேலாகப் போய், மலாக்கா நீரிணையைத் தொடர்ந்து இறங்குகிறது. இந்திரா முனைக்கும் சுமத்ராவுக்கும் நடுவில் உள்ள கடல்வழிக்கு ஆறு டிகிரிக் கால்வாய் என்றே பெயர். அட்சரேகையே பெயராகிவிட்டது. நாகப்பட்டினம் தொட்டுப் போன பழைய ரஜூலா கப்பலும், பின்னால் வந்த எம்.வி. சிதம்பரமும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போன அதே திசைதான். அவற்றுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. 1985இல் சிதம்பரத்தில் தீப்பிடித்த பிறகு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றுபோனது.

படி 3: தூரத்தை நேரமாக்குவது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். "விமானம் 840 கி.மீ. வேகம், 2,920ஐ 840ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம்" என்று முடித்துவிடுவார்கள். அந்த வேகம் உயரத்தில் போய் நேராகப் பறக்கும்போது மட்டும்தான். பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் (knot, அதாவது மணிக்கு 250 கடல் மைல்) வேகத்துக்கு மேல் போகக் கூடாது, அது மணிக்கு 463 கி.மீ. ஏறுவதும் இறங்குவதும் நேரம் தின்னும் வேலைகள். அதற்கும் முன்னால் விமானம் தரையில் ஊர்ந்தாக வேண்டும்.

நான் பயன்படுத்தும் சூத்திரம் இது:

கி.மீ. ÷ 14 = நிமிடங்கள். அதோடு ஏற இறங்க 30 நிமிடம். தரையில் ஊர 20 நிமிடம்.

14 என்பது 840ஐ 60ஆல் வகுத்தது, அதாவது நிமிடத்துக்கு 14 கி.மீ. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களுக்கு இது சரியாக இருக்கும். ஏ350, 787 போன்ற அகலமான விமானம் என்றால் 15ஆல் வகுங்கள்.

2,920 ÷ 14 = 209 நிமிடம். 209 + 30 + 20 = 259. கிட்டத்தட்ட 4 மணி 20 நிமிடம். விமான நிறுவனங்களின் அட்டவணையும் இதை ஒட்டித்தான் இருக்கும், பத்துப் பதினைந்து நிமிடம் முன்னே பின்னே.

அட்டவணையில் உள்ள நேரத்துக்குத் துறைக்குள் பிளாக் டைம் என்று பெயர். சக்கரத்துக்கு அண்டைக் கொடுத்திருக்கும் கட்டையை எடுத்த நேரத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை. விமானி "நம் பறக்கும் நேரம் 3 மணி 50 நிமிடம்" என்று அறிவிப்பதும் டிக்கெட்டில் 4.20 என்று இருப்பதும் முரண் அல்ல. அவர் சொல்வது வானத்தில் இருக்கும் நேரம் மட்டும்.

சூத்திரத்தில் கடைசியில் சேர்த்த 30 + 20 = 50 நிமிடம் எவ்வளவு முக்கியம் என்று பார்க்க கோலாலம்பூர்–சிங்கப்பூரைப் போட்டுப் பாருங்கள். வெறும் 297 கி.மீ. பதினாலால் வகுத்தால் 21 நிமிடம். ஆனால் மொத்தம் 71 நிமிடம் ஆகிறது. தூரத்தில் பத்தில் ஒரு பங்கு, நேரத்திலோ கால் பங்குக்கும் மேல். குறுகிய பயணங்களில் தூரம் அதிகம் பேசாது.

படி 4: காற்று

லண்டன், நியூயார்க் போகிறவர்களுக்கு ஜெட் காற்று பழக்கமான பெயர். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் அந்தக் காற்றால் போக ஒரு நேரம், வர ஒரு நேரம். சென்னை–சிங்கப்பூர் பாதையில் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. இருப்பதுகூட பலர் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. அது பின்னாலிருந்து தள்ளும், சிங்கப்பூருக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்று தோன்றும். தள்ளாது. தென்மேற்குக் காற்று தரையை ஒட்டிய அடுக்கில் வீசுவது. அதே மாதங்களில் மேலே கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வலுவான காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்ற இதை 1950களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டேஸ்வரம். இதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே என்றாலும், பதினொரு பன்னிரண்டு கி.மீ. உயரத்திலும் கிழக்குக் காற்றுத்தான். ஆகவே தரையில் குடை மேற்கிலிருந்து திருப்பிக்கொள்ளும் அதே நாளில், மேலே சிங்கப்பூர் விமானம் எதிர்க்காற்றில் போய்க்கொண்டிருக்கும்.

மணிக்கு 40 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்துக்கொண்டால் தரைவேகம் 800, பறக்க 3 மணி 39 நிமிடம். திரும்பும்போது 880, அதாவது 3 மணி 19 நிமிடம். இருபது நிமிட வித்தியாசம். விமான அட்டவணைகள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறுகின்றன. ஒரே விமானத்தின் நேரம் கோடை அட்டவணையில் ஒன்றாகவும் குளிர்கால அட்டவணையில் வேறாகவும் இருக்க இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, சுமத்ராவிலிருந்து கிளம்பி மலாக்கா நீரிணையைத் தாண்டிச் சிங்கப்பூரை அடிக்கும் இடிமழை வரிசை. சுமத்ரா ஸ்குவால் என்பார்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலையிலும் முற்பகலிலும் வரும். நம் ஊர் இராத்திரி விமானங்கள் போய் இறங்குவதும் அதே விடியற்காலை. சாங்கிக்கு மேல் வட்டமடித்துக் காத்திருக்க நேர்ந்தால் கால் மணி, அரை மணி போய்விடும். இறங்கிய ஒரு மணி நேரத்தில் நேர்காணல், கூட்டம் என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 5: கடிகாரத்தை நேர் செய்வது

இப்போது மாமாவின் கேள்விக்கு வரலாம். டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறும் ஊர்க் கடிகாரத்தில், இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரத்தில் இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

போக: 23.15 + 4.20 = நம் நேரப்படி 3.35. அதோடு 2.30 சேர்த்தால் அங்கே காலை 6.05.
வர: 20.00 + 4.20 = அங்கே நள்ளிரவு 12.20. அதிலிருந்து 2.30 கழித்தால் நம் ஊரில் இரவு 9.50.

நேர வித்தியாசம் தெரியாத ஊராக இருந்தாலும் ஒரு குறுக்குவழி உண்டு. போகும் டிக்கெட்டில் தெரியும் நேரத்தையும் வரும் டிக்கெட்டில் தெரியும் நேரத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள்: (6.50 + 1.50) ÷ 2 = 4.20. அது பறக்கும் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் (6.50 − 1.50) ÷ 2 = 2.30, அது கடிகார வித்தியாசம். காற்றால் சில நிமிடம் பிசகலாம். மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், தெருவில் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

ஊரில் பழைய ஆட்கள் "சிங்கப்பூருக்கும் நமக்கும் ரெண்டு மணி நேரந்தான்" என்று சாதிப்பார்கள். தவறில்லை. 1981 கடைசி வரை அப்படித்தான் இருந்தது. 1982 ஜனவரி 1ஆம் தேதி சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது.

சூரியனைக் கேட்டால் அது வேறு கணக்குச் சொல்லும். பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம். 23.8 டிகிரிக்கு 95 நிமிடம், அதாவது ஒரு மணி 35 நிமிடம்தான் உண்மையான வித்தியாசம். மீதி 55 நிமிடம் சட்டம் போட்டது. அதனால்தான் அங்கே ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் விடிகிறது. ஆறே கால் மணிக்கு இறங்கினால் ஜன்னலுக்கு வெளியே இருட்டாகத்தான் இருக்கும். விமானம் சீக்கிரம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

படி 6: தேதி – கணக்கைவிட ஆபத்தானது

பெரியம்மா ஒருவர் பேரன் காதுகுத்துக்குப் போக வேண்டிய விமானத்தைத் தவறவிட்டார். டிக்கெட்டில் 15ஆம் தேதி, 00.20. பதினைந்தாம் தேதி சாயங்காலம் பலகாரப் பெட்டியோடு கிளம்பினார். விமானம் அன்று விடிவதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

00.00இலிருந்து 02.59 வரை எந்த நேரம் போட்டிருந்தாலும், முந்தின நாள் இராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நான் இப்போதெல்லாம் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும்போது தேதிக்குப் பக்கத்தில் பேனாவால் "14 இராத்திரி, புதன், 9 மணிக்கு அங்கே" என்று எழுதித்தான் கொடுப்பேன். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் மறுநாள் இறங்குகிறீர்கள் என்று பொருள். அங்கே விடுதி அறை எடுக்கும்போது தேதி இதைப் பொறுத்தது.

படி 7: எந்த ஊரில் ஏறுவது?

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? மேலே சொன்ன முறையில் போட்டால் 2,980 கி.மீ. வருகிறது. சென்னையைவிட வெறும் 60 கி.மீ. கூடுதல். சாலையில் முந்நூறு கி.மீ.க்கு மேல் விலகியிருக்கும் இரண்டு ஊர்களும் சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே தொலைவு. சிங்கப்பூரில் முள்ளை ஊன்றிக் காம்பஸால் ஒரு வில் வரைந்தால் சென்னையும் திருச்சியும் ஏறக்குறைய அதே வில்லில் விழும். பறக்கும் நேரத்தில் ஐந்து நிமிடமும் கூடாது. கோயம்புத்தூர் 3,160 கி.மீ., கால் மணி சேரும், அவ்வளவுதான்.

ஆக, ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது வானத்துத் தூரத்தைப் பார்க்காதீர்கள், தரைத் தூரத்தைப் பாருங்கள். டெல்டா மாவட்டத்துக்காரர்கள் ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று சென்னைக்குப் போவது எனக்குப் புரிவதே இல்லை. காரும் சாப்பாடும் அந்த ஆயிரத்தைத் தின்றுவிடும்.

படி 8: நடுவில் இறங்கி ஏறினால்

சென்னை–கோலாலம்பூர் 2,632 கி.மீ. அங்கிருந்து சிங்கப்பூர் 297. கூட்டினால் 2,929. நேர்வழியைவிடப் பத்து கி.மீ. சுற்றுகூட இல்லை. கோலாலம்பூர் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நேரம்? முதல் பயணம் 3 மணி 58, இரண்டாவது 1 மணி 11, நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரக் காத்திருப்பு. ஏழு மணி நேரத்துக்கு மேல்.

கொழும்பு வழி தெற்கே போய்த் திரும்பும் பாதை. 646 + 2,750 = 3,396 கி.மீ., அதாவது 470 கி.மீ. சுற்று. நேரம் 1 மணி 36 + 4 மணி 6 + காத்திருப்பு இரண்டு மணி = 7 மணி 42 நிமிடம். கோலாலம்பூரைவிட அரை மணிதான் அதிகம். இறங்கி ஏறும் டிக்கெட்டில் சுற்று எவ்வளவு என்பது பெரிதில்லை, காத்திருப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி. விலையை ஒப்பிடும்போது அந்த எண்ணை மட்டும் பாருங்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பணம் போனது போனதுதான்.

படி 9: வாசல் முதல் வாசல் வரை

கடைசியாக மாமாவுக்குப் போட்ட கணக்கு. தஞ்சாவூர் வீட்டிலிருந்து திருச்சி விமான நிலையம் ஒன்றேகால் மணி. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக. பயணம் 4 மணி 25 நிமிடம். சாங்கியில் இமிக்ரேஷன், பெட்டி எடுப்பது முக்கால் மணி. டாக்சியில் வீடு அரை மணி. மொத்தம் பத்து மணி நேரம், ஐந்து பத்து நிமிடம் முன்னே பின்னே. இதையே சென்னை போய் ஏறினால் சாலையில் ஆறரை மணி நேரம் சேர்ந்து பதினைந்தைத் தொடும்.

சாங்கியில் வரிசை குறைய ஒரு வழி: சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல. இது விசா ஆகாது, விசா தனியாக வேண்டும்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "அப்ப பத்து மணி நேரத்துல பறக்குறது நாலுதான். மிச்ச ஆறும் நாம ஒக்காந்திருக்கிறது" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி, இப்போதே இரண்டரை மணி நேரம் முன்னால் வைத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் மாமா, பஸ் போய்விடும் என்றேன்.